பழைய கார்டு, புதிய எஸ்எம்பிஎஸ்: கேமிங் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: கையில் பணம் குறைவு, சந்தையில் பழைய சரக்கு நிறைய, எதை நம்பி வாங்குவது? எங்கள் அளவுகோல் எளிது. கடையில் நின்று அரைமணி நேரத்தில் சோதித்துவிட முடிகிற பாகத்தைப் பழையதாக வாங்கலாம். சோதிக்க வழியில்லாததைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதால் ரூபாய்க் கணக்கைவிட எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதிலேயே நிற்கிறோம்.

கேள்வி: “ஐ5 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினெட், 18,000 ரூபாய்” என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம். விசாரித்தால் ஐ5-3470, ஜிடி 730 என்கிறார்கள். வேலரண்ட், ஜிடிஏ 5 விளையாட வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

வேண்டாம். “ஐ5” என்ற பெயர் எதையும் சொல்லாது. அதன் பின்னால் வரும் எண்தான் பேசும். 3470 என்றால் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. 2012-ல் வந்த, நான்கு கோர் மட்டுமே உள்ள ப்ராசஸர். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இன்டெல்லில் நான்காம் தலைமுறையில்தான் வந்தது. அது இல்லாவிட்டால் புதிய கேம்களில் சில திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. விற்பவர் குறுக்குவழியில் 11-ஐப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரண்ட் தானாகவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) இரண்டையும் சோதிக்கும். அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

கார்டு இன்னும் மோசம். “4 ஜிபி” என்பதில் மயங்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் ஜிடி 730-களில் பெரும்பாலானவை 64 பிட் டிடிஆர்3 மெமரி கொண்டவை. நொடிக்குச் சுமார் 14 ஜிபிதான் நகரும். ஜிடிடிஆர்5 கொண்ட ஜிடிஎக்ஸ் 1650-ல் அது 128 ஜிபி. மெமரி அளவை இரண்டு மடங்காக்கினாலும் இந்த இடுக்கு அகலாது. போதாக்குறைக்கு, அந்தத் தலைமுறைச் சிப்புகளுக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது.

அதே பணத்தை வைத்துக்கொண்டு, அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் ஐ5-8400 அல்லது 8500 உள்ள டவர் ஒன்றைத் தேடுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11-ன் பட்டியலில் உள்ள ப்ராசஸர். முதலில் டவரை மட்டும் வாங்குங்கள். கார்டுக்குப் பணம் சேரும்வரை உள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸில் வேலரண்ட் குறைந்த செட்டிங்கில் ஓடும். ஆர்ஜிபி வண்ண விளக்கு மின்னாது, அவ்வளவுதான் குறை.

கேள்வி: கம்பெனி ஏலத்தில் டெல் ஆப்டிபிளெக்ஸ் (சிறிய கேபினெட், ஐ5 எட்டாம் தலைமுறை) கிடைத்தது. இதில் எந்தக் கார்டு போடலாம்? எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) மாற்ற முடியுமா?
— திருப்பூர் வாசகர்

கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து மூன்று விஷயங்களை அளந்துகொள்ளுங்கள்.

உயரம்: சிறிய கேபினெட்டில் சாதாரண கார்டு நிற்காது, “லோ ப்ரொஃபைல்” கார்டுதான் வேண்டும். அதோடு குட்டை பிராக்கெட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டு விற்பவர்கள் பலர் இந்தத் தகட்டைத் தொலைத்திருப்பார்கள். தனியாகத் தேடி அலைவது பெரிய வேலை.

அகலம்: கிராஃபிக்ஸ் கார்டுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும். சில சிறு கேபினெட்களில் நீளமான ஸ்லாட்டுக்கு அடுத்து எஸ்எம்பிஎஸ் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டுமே போகும்.

மின்சாரம்: நிலையான ஸ்லாட் ஒன்று அதிகபட்சம் 75 வாட் தரும். தனி ஒயர் கேட்காத கார்டுதான் உங்களுக்குத் தோது. சில சிறிய மாடல்களில் கம்பெனியே ஸ்லாட்டின் வரம்பை 75-க்கும் கீழே வைத்திருக்கும். மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

உயரம், மின்சாரம் இரண்டுக்கும் பொருந்தி வருபவை (அகலத்தைத் தனியே பாருங்கள்): லோ ப்ரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை (70 வாட், தனி ஒயர் வேண்டாம்), ஆர்எக்ஸ் 6400. கடைசிக் கார்டில் ஒரு சிக்கல் உண்டு. அது பிசிஐஇ 4.0-வில் (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) நான்கு லேன் மட்டுமே பயன்படுத்தும். உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் பாதை பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை. பணம் இடம் கொடுத்தால் 3050 6 ஜிபி. 3050-யிலேயே 8 ஜிபி வகை ஒன்று உண்டு; அது தனி பவர் ஒயர் கேட்கும், பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் கடைக்காரர் “வேற மாத்திக்கலாம் சார்” என்றால் நம்ப வேண்டாம். இந்த வகை கம்பெனி கம்ப்யூட்டர்களில் போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24-பின் கிடையாது. அடாப்டர் ஒயர் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் சாதாரண எஸ்எம்பிஎஸ் அந்தக் கேபினெட்டுக்குள் நுழையாது. 75 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே பெரிய டவர் மாடலை வாங்குவது மேல்.

கடைசியாக, பயாஸ் (மெஷினின் அடிப்படை செட்டிங் மென்பொருள்) பாஸ்வேர்டு. ஏலத்தில் எடுத்த மெஷின்களில் பழைய கம்பெனி போட்ட பூட்டு அப்படியே இருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போக முடிகிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். ராம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், அதே அளவு இன்னொன்று சேருங்கள்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டுகள் நிறைய இருக்கின்றன. எல்லாம் மைனிங்கில் ஓடியவை என்கிறார்கள். வாங்கலாமா? எப்படிச் சோதிப்பது?
— சென்னை வாசகர்

மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்ட) ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். ஒரே வேகத்தில், ஒரே சூட்டில் மாதக்கணக்கில் ஓடிய சிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பவை ஃபேனின் பேரிங், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு, பேஸ்ட்; அடி வாங்கியிருப்பது மெமரி. எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் கார்டு மைனிங்கைக் கைவிட்ட பிறகு இந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. எனவே “மைனிங் கார்டு இல்ல சார், வீட்டுல யூஸ் பண்ணது” என்ற சத்தியத்துக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தராதீர்கள். ஓடியதாகவே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். 8-பின் துளை பழுப்பேறியிருக்கிறதா? சிப்பைச் சுற்றியோ மெமரியைச் சுற்றியோ ஃப்ளக்ஸ் (சால்டர் செய்யும்போது தடவும் பசை) கறை, பிசுபிசுப்பு தெரிகிறதா? ஒரு மெமரி சிப்பு மட்டும் வேறு எழுத்தோடு இருக்கிறதா? இவை கார்டு ஏற்கெனவே சர்வீஸ் டேபிளில் ஹாட் ஏர் வாங்கியதற்கான அடையாளங்கள். சூடு காட்டி உயிர்ப்பித்த கார்டு கடையில் ஓடும். வீட்டுக்கு வந்து சில வாரங்களில் மீண்டும் படுக்கும். தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருப்பது மட்டும் பயப்படத் தேவையில்லாத கறை. துடைத்தால் போய்விடும்.

அடுத்து டெஸ்ட் பெஞ்சில் போடச் சொல்லி, பென் டிரைவில் கொண்டுபோன ஜிபியு-இசட் என்ற, கார்டின் விவரம் காட்டும் மென்பொருளைத் திறங்கள். உண்மையான ஆர்எக்ஸ் 580-ல் ஷேடர் (கணக்கிடும் கோர்) எண்ணிக்கை 2304, மெமரி ஜிடிடிஆர்5, 256 பிட். 2048 என்று காட்டினால் அது “580 2048எஸ்பி” எனும் வகை. உள்ளே இருப்பது 570 தான். அதுவும் ஓடும். ஆனால் 570-ன் விலைக்குத்தான் வாங்க வேண்டும். என்விடியா கார்டுகளில் இன்னும் துணிச்சலான மோசடி உண்டு. பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளின் பயாஸை மாற்றி “1050 டிஐ” என்று விற்பார்கள். ஜிபியு-இசட் அதைப் போலி என்று பெயரிலேயே காட்டிவிடும். 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் விஜிஏ போர்ட் இருந்தால் ஜிபியு-இசட்டும் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது.

பிறகு பளு. கார்டுக்கு முழுப் பளு ஏற்றும் ஃபர்மார்க் மென்பொருளை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். அது எந்தக் கேமையும்விடக் கூடுதல் கரண்ட் இழுக்கும், அதற்கு மேல் வதைப்பதில் பயனில்லை. அதன்பின் யூனிஜின் ஹெவன் என்ற கிராஃபிக்ஸ் சோதனை பதினைந்து நிமிடம். சூடு 75–85 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 90-ஐத் தாண்டி, கிளாக் வேகம் சரிந்துகொண்டே போனால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஃபேன் முழு வேகம் எடுக்கவில்லை. பேஸ்ட் மாற்றுவது மலிவு. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். திரையில் புள்ளி, கட்டம், நிறக்கோடு ஒன்று தெரிந்தாலும் அது மெமரி. அங்கே பேரமே வேண்டாம், விட்டுவிடுங்கள். ஓசிசிடி மென்பொருளில் வீடியோ மெமரிக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு பிழைகூட வரக்கூடாது.

எல்லா போர்ட்டிலும் மானிட்டரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். பின்னர் மெஷினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போடச் சொல்லுங்கள். சால்டரில் விரிசல் உள்ள கார்டுகள் சூடேறி ஆறிய பிறகுதான் தங்கள் குணத்தைக் காட்டும்.

டிரைவர் ஏறவில்லையென்றால் மைனிங் பயாஸ் இன்னும் உள்ளேயே இருக்கலாம். இரட்டை பயாஸ் உள்ள கார்டுகளில் ஓரத்தில் சிறு சுவிட்ச் இருக்கும், தள்ளிப் பாருங்கள். இல்லையென்றால் அசல் பயாஸை ஏற்றித் தரச் சொல்லுங்கள். அது கடைக்காரர் வேலை, உங்களுடையதல்ல.

விலையில் எங்கள் கருத்து: வாரண்டி முடிந்த கார்டுக்கு, அதே வேகம் தரும் புதிய கார்டின் விலையில் பாதிக்கு மேல் தர வேண்டாம். கொஞ்சம் கூடப்போட்டு, பில்லும் வாரண்டியும் மிச்சமுள்ள ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். 580 இழுப்பது 185 வாட். 6600 அதைவிட வேகமாக ஓடி 132 வாட்தான் இழுக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலும் கரண்ட் பில்லிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கொழும்பில் பாவித்த கார்டுகள் மூன்று ஏறத்தாழ ஒரே விலைக்கு வருகின்றன: ஜிடிஎக்ஸ் 1060, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்எக்ஸ் 580. எதை எடுக்கலாம்?
— யாழ்ப்பாணம் வாசகர்

1660 சூப்பர். வேகத்திலும் முன்னால், 125 வாட்தான் இழுக்கும்; டிரைவர் ஆயுளும் அதற்கே அதிகம். 1060-ன் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்று அறிவித்துவிட்டது. 580-ஐ ஏஎம்டி 2023 நவம்பரிலேயே தனி டிரைவர் கிளைக்கு ஒதுக்கிவிட்டது. பழைய கேம்கள் மட்டும் விளையாடுபவருக்கு இதனால் இழப்பில்லை. புதிதாக வெளிவருபவற்றை விளையாட நினைப்பவருக்கு உண்டு. எப்படியும் 1060 தான் என்று முடிவானால் 6 ஜிபி வகையை மட்டும் எடுங்கள். 3 ஜிபி வகையில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு: 1280-க்குப் பதில் 1152.

கேள்வி: கேபினெட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. ஆர்எக்ஸ் 580 போட்டால் தாங்குமா? 8-பின் ஒயர் இல்லை, கடைக்காரர் கன்வெர்ட்டர் தருகிறேன் என்கிறார்.
— கோவை வாசகர்

தாங்காது, கன்வெர்ட்டரையும் வாங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் உள்ள 450-ஐ மறந்துவிட்டு +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் ப்ராசஸரும் அங்கிருந்துதான் இழுக்கின்றன. கேபினெட்டோடு இலவசமாக வரும் வகைகளில் அது 16 ஆம்பியர் போல இருக்கும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ஆர்எக்ஸ் 580 ஒன்றுக்கே 185 போய்விடும். ப்ராசஸருக்கு 65-லிருந்து 90, மற்றவற்றுக்கு 40–50 சேர்த்தால் 300-ஐத் தொடுகிறது. உங்களுக்கு வேண்டியது 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்குக் குறையாத எஸ்எம்பிஎஸ். பெயருள்ள கம்பெனியின் 500 அல்லது 550 வாட் மாடல் போதும். ஆனாலும் 12 வோல்ட் கட்டத்தைப் பார்க்காமல் பில் போட விடாதீர்கள். 80 பிளஸ் முத்திரை எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. தரத்துக்கான உத்தரவாதம் அல்ல. இருந்தாலும், அந்த முத்திரைகூட இல்லாததைத் தொட வேண்டாம்.

கன்வெர்ட்டர் ஏன் கூடாது? 8-பின் இணைப்பு 150 வாட் வரை தரவேண்டியது. டிஸ்க்குகளுக்கான ஒரு சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் தயாரிக்கப்பட்டது. சாட்டாவிலிருந்து 8-பின்னுக்கு மாற்றினால் அந்தச் சிறு முனையின் பிளாஸ்டிக் உருகும், சில நேரம் தீப்பிடிக்கும். 8-பின் ஒயர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் வந்திருக்கிறது என்றாலே, அந்தக் கார்டை ஓட்டும் நோக்கத்தில் அதைத் தயாரிக்கவில்லை என்று பொருள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் ஆண்டுக்கணக்கில் உலர்ந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து “ஓடுது பாருங்க” என்று காட்டுவார்கள். ஃபேன் சுற்றுகிறது என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்காது. எஸ்எம்பிஎஸ் போகும்போது கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஒயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையாக இருந்தால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை இதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும்.

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்து மாற்றியும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் காரணம் சுவரில்தான்: பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்குத்தான் அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நிற்கும். இரண்டு பின் அடாப்டர் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்கள். யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். கேம் நடுவே கரண்ட் போனால் யூபிஎஸ் கத்தி அணையும். விளையாட்டைச் சேமித்து மெஷினை மூட மட்டும் அதை நம்புங்கள்.

கேள்வி: பழைய பிஎஸ்4 வாங்க நினைக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்கிறார் விற்பவர். என்ன பார்க்க வேண்டும்?
— சேலம் வாசகர்

பின்னால் அல்லது அடியில் இருக்கும் மாடல் எண்ணில் தொடங்குங்கள். சியூஎச்-10, 11, 12 எனத் தொடங்கினால் முதல் வடிவம்; 20, 21, 22 என்றால் ஸ்லிம்; 70, 71, 72 என்றால் ப்ரோ. முதல் வடிவத்தை வாங்குவதானால் 12 வரிசையைத் தேடுங்கள். கரண்ட் குறைவாக இழுக்கும், சத்தமும் குறைவு. 4கே டிவி இல்லாதவருக்கு ஸ்லிம் போதும்.

அதிகம் பழுதாவது எச்டிஎம்ஐ போர்ட். ஒயரைச் செருகி மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் போர்ட் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றலாம். போர்ட் நன்றாக இருந்தும், வெள்ளை விளக்கு எரிந்தும் படம் வரவில்லையென்றால் அதற்குப் பின்னாலுள்ள எச்டிஎம்ஐ சிப்பு போயிருக்கலாம். அது நுணுக்கமான சால்டர் வேலை, எல்லாக் கடையிலும் செய்ய மாட்டார்கள். நீல விளக்கு துடித்துக்கொண்டே இருந்து வெள்ளைக்கு மாறாவிட்டால் வாங்க வேண்டாம்.

டிஸ்க் டிரைவைச் சினிமா டிவிடி போட்டுச் சோதிக்காதீர்கள். டிவிடிக்கு வேறு லேசர், கேம் டிஸ்க்குக்கு வேறு லேசர். கேம் டிஸ்க் ஒன்றையே கொண்டுபோய்ப் போட்டு, அரைமணி விளையாடிப் பாருங்கள். ஃபேன் அலறினால் தூசியும் காய்ந்த பேஸ்ட்டும்தான், சர்வீஸில் சரியாகும். கன்ட்ரோலரின் அனலாக் குச்சியைத் தொடாமல் விட்டு, கேமில் பார்வை தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் குச்சியின் பாகத்தை மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.

உங்கள் சொந்தக் கணக்கில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைந்து பார்க்காமல் பணம் தர வேண்டாம். தடை செய்யப்பட்ட கன்சோல் என்றால் அங்கே தெரிந்துவிடும். சிஸ்டம் மென்பொருள் 9.00-க்குக் கீழே இருந்தால் அப்டேட் செய்யுங்கள். அதற்கு முன்பு, உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்த நிலையில் நெட்வொர்க்கோடு இணைய முடியாவிட்டால் கேம்கள் திறக்காத சிக்கல் இருந்தது, 9.00-ல் சரிசெய்தார்கள்.

சிங்கப்பூர், துபாய் மெஷின் என்பதில் பெரிய சிக்கல் இல்லை. பிஎஸ்4 கேம் டிஸ்க்குகள் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். கூடுதல் உள்ளடக்கம் மட்டும் டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் ஒத்திருந்தால்தான் சேரும். பழைய டிஸ்க் வாங்கும்போது இதைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய முதல் செலவு எஸ்எஸ்டி. 2.5 அங்குலம், 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது. பென் டிரைவில் “பிஎஸ்4” என்ற ஃபோல்டர், அதற்குள் “அப்டேட்” என்ற ஃபோல்டர், இரண்டின் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதில் சோனியின் தளத்திலிருந்து முழு நிறுவல் கோப்பை இறக்கிப் போடுங்கள். பலர் சிறிய அப்டேட் கோப்பை இறக்கிவிட்டு, புதிய டிஸ்க்கில் ஏறவில்லை என்று குழம்புகிறார்கள். முழுக் கோப்பு சுமார் 1 ஜிபி இருக்கும். பவர் பட்டனை இரண்டாம் பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும், அங்கிருந்து ஏற்றலாம்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி வாங்கி, 16 ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாகப் போட்டிருக்கிறேன். யூடியூபில் காட்டும் வேகத்தில் பாதிதான் வருகிறது.
— திருநெல்வேலி வாசகர்

காரணம் அந்த ஒற்றைக் குச்சி. 5600ஜியின் உள்கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. ராமையே பங்கு போடுகிறது. டிடிஆர்4-3200 ஒரு குச்சியில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2 ஜிபி. 16-ஐ விற்றுவிட்டு இரண்டு 8 ஜிபி போடுங்கள், அல்லது அதே வேகத்தில் இன்னொரு குச்சி சேருங்கள். நான்கு ஸ்லாட் போர்டென்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் கிராஃபிக்ஸுக்கான ஒதுக்கீட்டை 2 ஜிபி என்று வையுங்கள்.

ராமைப் பழையதாகவே வாங்கலாம், அரிதாகத்தான் கெடும். மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று பிழையின்றி முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரிலிருந்து கழற்றிய “ரெஜிஸ்டர்டு இசிசி” ராம் மலிவாகக் கிடைக்கும். உங்கள் போர்டில் அது வேலை செய்யாது.

கேள்வி: பழைய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். 60-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டாரா?
— புதுச்சேரி வாசகர்

அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ஹெர்ட்ஸை நீங்களே மாற்ற வேண்டும், தானாக மாறாது. அங்கே 144 இல்லையென்றால் ஒயரைப் பாருங்கள். பழைய மானிட்டர்களில் எச்டிஎம்ஐ 1.4 தான் இருக்கும். ஃபுல் எச்டியில் 120-ஐத் தாண்டாது. டிஸ்பிளேபோர்ட் ஒயர் வாங்கிப் போட்டால் 144 வரும். ஒயரைக் கார்டின் போர்ட்டில்தான் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டிலா என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கேள்வி: 1 டிபி எஸ்எஸ்டி பழையது பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— ஈரோடு வாசகர்

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஆயுள் 90 சதவீதத்துக்கு மேல் காட்டினால், பெயருள்ள கம்பெனி என்றால் மட்டும். பெயர் தெரியாத “1 டிபி” வேண்டவே வேண்டாம். உள்ளே 64 ஜிபி மெமரியை வைத்து அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருள் முழு இடத்திலும் எழுதிப் படித்துப் பொய்யை வெளியே கொண்டுவரும், ஆனால் 1 டிபிக்கு மணிக்கணக்கில் ஆகும். கடையில் அதற்கு விடமாட்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அதே மென்பொருள் காட்டும் ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), பென்டிங் செக்டர் (பழுது என்று சந்தேகிக்கும் இடங்கள்) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

கேள்வி: கடலோர ஊர், கோடையில் அறையே 36 டிகிரி. பழைய கார்டு 88 டிகிரி வரை போகிறது. ஏசி இல்லாமல் என்ன செய்யலாம்?
— தூத்துக்குடி வாசகர்

செலவில்லாத வழி முதலில். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கேமிலும் 60 ஃபிரேமுக்குக் கட்டுப்படுத்துங்கள். திரையில் தெரியாத ஃபிரேமுக்காகக் கார்டு சுடுவது நிற்கும். அடுத்து வோல்டேஜ். ஆர்எக்ஸ் 580 போன்றவை 1150 மில்லிவோல்ட்டில் வரும். ஏஎம்டி மென்பொருளில் 25, 25-ஆகக் குறைத்து ஒவ்வொரு முறையும் ஹெவனை ஓட்டிப் பாருங்கள். திரை உறைந்தால் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். வேகம் குறையாமலே சூடு பல டிகிரி இறங்கும்.

அதன்பிறகு பேஸ்ட். ஹீட்சிங்க்கைக் கழற்றும்போது மெமரி மேலுள்ள பேடுகளின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று இடத்துக்கு இடம் மாறும். தடிமன் கூடிய பேடைப் போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது; சூடு முன்பைவிட ஏறும். “பேஸ்ட் மாத்தினதுக்கு அப்புறம்தான் கெட்டுச்சு” என்று வருபவற்றில் பல இதுதான். பழைய பேஸ்ட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வாட்டர் சர்வீஸ் கடைக் கம்ப்ரஸரில் காற்றடிக்காதீர்கள்: ஈரம் வரும், ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் போகும். கையால் ஃபேனைப் பிடித்துக்கொண்டு பிரஷும் சிறு ஊதுவானும் போதும். உங்கள் ஊரில் பழைய கார்டு வாங்கும்போது பிராக்கெட்டிலும் திருகிலும் உப்புத் துரு இருந்தால் போர்டிலும் இருக்கும் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய கார்டு வாங்கிவிட்டேன். பழையதை நல்ல விலைக்கு விற்க என்ன வழி?
— வேலூர் வாசகர்

பெட்டி, பில், குட்டை பிராக்கெட், சீரியல் எண் தெரியும் படம், ஜிபியு-இசட் படம், ஹெவன் ஓடும் ஒரு நிமிட வீடியோ. இவை இருந்தால் பேரம் சீக்கிரம் படியும். மெஷினிலிருந்து கழற்றும் முன் வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய கார்டின் விலை உடனே இறங்கிவிடும். ஆன்லைனில் விற்கும்போது, “பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்று எவர் சொன்னாலும் பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்க யூபிஐ பின் தேவையில்லை; அதைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.